‘எத்தனை ஓம் வந்துச்சு தம்பி?’

கேம்பஸ் இன்டர்வியூவில் என்னைக் கேட்ட எந்தக் கேள்வியும் இப்போ ஞாபகம் இல்லை. ஆனா, அத்திப்பட்டு பக்கம் ஒரு யார்டில், கரித்தூள் படிஞ்ச பொக்லைன் வண்டி மேல உட்கார்ந்துக்கிட்டு ஒரு எலெக்ட்ரீஷியன் பாய் கேட்ட கேள்வியை மட்டும், நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

‘‘எத்தனை ஓம் வந்துச்சு தம்பி?’’

என்கிட்ட பதில் இல்லை. ஏன்னா, நான் அளந்தே பார்க்கலை!

நான் ராயபுரத்துப் பையன். மெக்கானிக்கல் முடிச்சுட்டு, கட்டுமான வண்டிகளுக்கு சர்வீஸ் பண்ற ஒரு இடத்தில் ட்ரெய்னியா சேர்ந்தேன். எங்க பக்கம் இந்த வேலைக்குப் பஞ்சமே கிடையாது. 2001-ல் எண்ணூர் துறைமுகம் திறந்தாங்க. 2014-ல் அதுக்குக் காமராஜர் துறைமுகம்னு பேர் மாத்தினாங்க. பேர்தான் மாறுச்சே தவிர, அந்த ஏரியாவில் மண் அள்ளுறதும் கொட்டுறதும் நிக்கலை. மண் இருக்கிற இடத்தில் பொக்லைன் இருக்கும். பொக்லைன் இருக்கிற இடத்தில் ரிப்பேர் இருக்கும்!

கழுத்துல ஐ.டி. கார்டு, தோள்ல லேப்டாப் பேக்... ஸ்கேன் சென்டர் டாக்டர் ரேஞ்சுக்கு சைட்டுக்குள்ள நுழைவேன். வண்டியில 9 பின் இருக்கிற ஒரு ரவுண்டு சாக்கெட் இருக்கும். அதில் ஒயரைச் சொருகினா, லேப்டாப்பே கோளாறைச் சொல்லிடும். அப்புறம் என்ன, நான்தான் ஹீரோ!

2024 பொங்கல் முடிஞ்ச வாரம். அந்த யார்டிலிருந்து போன். வண்டி அரை மணி நேரம் நல்லா தோண்டுதாம். திடீர்னு டிஸ்ப்ளேயில் சிவப்பா எரர் வருதாம். இன்ஜின் ஸ்பீடு படுத்துடுதாம். சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப ஓடுதாம்.

போனேன். சொருகினேன். ‘இன்ஜின் கன்ட்ரோலரிடமிருந்து தகவல் இல்லை’ன்னு வந்துச்சு. சரி, கன்ட்ரோலர் காலின்னு முடிவே பண்ணிட்டேன். இன்ஜினுக்கு மூளை மாதிரி இருக்கிற பெட்டி அது. எதனால போச்சு? ஆபரேட்டர் அண்ணனைக் கேட்டேன்.

‘‘போன வாரம் பக்கெட் பல்லு ஒண்ணு போயிடுச்சு தம்பி. வெல்டு வெச்சோம்.’’

‘‘பேட்டரி மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணீங்களாண்ணே?’’

ஒரு செகண்ட் யோசிச்சார். ‘‘பண்ணேன்னுதான் நெனைக்கிறேன்...’’

அந்த ‘நெனைக்கிறேன்’ எனக்குப் போதுமா இருந்துச்சு. பேட்டரியைப் பிரிக்காம வெல்டிங் வெச்சா, அந்தக் கரன்ட் ஒயரிங் வழியா போய் கன்ட்ரோலரை அடிச்சிடலாம். இது புக்கிலேயே இருக்கு. ரிப்போர்ட் எழுதிட்டேன்: ‘கன்ட்ரோலர் பழுது. மாற்ற வேண்டும். காரணம், ஆபரேட்டரின் கவனக்குறைவு.’

புது கன்ட்ரோலர் விலை மூணு லட்சத்தைத் தாண்டும். ஓனர் முகம் மாறிடுச்சு. என் கண் முன்னாடியே ஆபரேட்டர்கிட்ட, ‘‘இந்த மாச சம்பளத்தை மறந்துடு. மூட்டையைக் கட்டு’’ன்னுட்டார். அந்த அண்ணன் எதுவும் பேசலை. நான் கிளம்பும்போது மட்டும் பக்கத்துல வந்தார். ‘‘நீங்க படிச்சவங்க. பொட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா, நான் ஆஃப் பண்ணேன் தம்பி’’ன்னார். அவர் பையன் பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

மூணு லட்சத்தை எண்ணி வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொருத்தரையும் காட்டிடலாம்னு ஓனருக்குத் தோணியிருக்கு. திருவொற்றியூர் பாயைக் கூப்பிட்டார். லாரி, கிரேன், பொக்லைன்னு எல்லாத்துக்கும் ஒயரிங் பார்க்கிறவர். மறுநாள் என்னையும் வரச் சொன்னாங்க. அப்பதான் அந்தக் கேள்வி.

கேள்வி புரியணும்னா ஒரு சின்ன க்ளாஸ் எடுத்தே ஆகணும், பொறுத்துக்கங்க! முன்னெல்லாம் ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியா ஒயர் ஓடும். எலெக்ட்ரானிக்ஸ் கூடக்கூட, ஒயர் கட்டு தொடை தண்டி ஆயிடுச்சு. இதுக்கு ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-ல் ஒரு வழியை அறிமுகப்படுத்துச்சு. அதுதான் ‘கேன் பஸ்’. இன்ஜின், பம்ப், டிஸ்ப்ளே எல்லாம் முறுக்கின ரெண்டே ஒயர்ல பேசிக்கும். கார்ல ஆரம்பிச்ச இந்த சமாச்சாரம் லாரி, பொக்லைன் வரைக்கும் வந்தாச்சு.

பேச்சு இல்லாதப்போ ரெண்டு ஒயர்லயும் சுமார் 2.5 வோல்ட். பேசும்போது ஒண்ணு 3.5-க்கு ஏறும், இன்னொண்ணு 1.5-க்கு இறங்கும். அந்த வித்தியாசம்தான் சேதி. வெளியிலிருந்து இரைச்சல் வந்தாலும் ரெண்டுலயும் சமமா ஏறும். வித்தியாசம் அப்படியே இருக்கும். சேதி கெடாது. ஒயரோட முனையில் மோதி சிக்னல் எதிரொலிச்சுடக் கூடாதுன்னு, ரெண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொண்ணு இருக்கும். 120-ம் 120-ம் பேரலல்ல இருந்தா எவ்வளவு? ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான் பாஸ்... 60!

பவரை ஆஃப் பண்ணிட்டு, அந்த ரவுண்டு சாக்கெட்டில் சி, டி-ங்கிற ரெண்டு பின்னுக்கு நடுவுல மீட்டர் வெச்சா 60 வரணும். 120 வந்தா, ஒரு பக்கத்து ரெசிஸ்டர் லைன்ல இல்லை, ஒயர் எங்கேயோ விட்டிருக்கலாம். 40 வந்தா, எவனோ மூணாவதா ஒண்ணைச் சேர்த்திருக்கான். பூஜ்யம்னா ரெண்டு ஒயரும் ஒட்டிக்கிட்டிருக்கு. லேப்டாப்பே வேணாம், சாதாரண மீட்டர் போதும்.

பாய் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு மீட்டரை என் கையில் கொடுத்தார். 60. ‘‘சரியாதானே பாய் இருக்கு?’’ன்னேன்.

‘‘கண்ணை எடுக்காத. நம்பர் மாறினா சவுண்டு குடு’’ன்னு சொல்லிட்டு, ஒயரிங்கை டிஸ்ப்ளேயிலிருந்து ஒரு ஒரு அடியா பிடிச்சு ஆட்டிக்கிட்டே போனார். 60... 60... 60... கேபினுக்குப் பின்னாடி, இன்ஜின் பக்கம் போற இடத்தில் கை வெச்சார். 120!

‘‘பாய்!’’னு கத்திட்டேன்.

டேப்பைப் பிரிச்சார். மஞ்சள் ஒயர்ல கண்ணுக்கே தெரியாத ஓர் ஓட்டை. தோலைச் சீவினா, உள்ளே தாமிரம் பச்சையாகி, மாவா உதிருது. வண்டி சூடாகி அதிரும்போது அந்த இடம் விட்டுப் போகும். இன்ஜின் கன்ட்ரோலர் உயிரோடதான் இருந்திருக்கு. அது பேசினது மத்தவங்களுக்குக் கேட்கலை, அவ்வளவுதான். ‘தகவல் இல்லை’ன்னு சொன்ன லேப்டாப் பொய் சொல்லலை. ஏன் இல்லைன்னு அது சொல்லவே இல்லையே... அந்தப் பாதியை நான் சொந்தமா எழுதிக்கிட்டேன்.

‘‘எவனோ செக் பண்றேன்னு குண்டூசி குத்தியிருக்கான்பா. டிசம்பர் மழை, உப்புக் காத்து... உள்ள பூந்து தின்னுடுச்சு’’ன்னார் பாய்.

எனக்கு உள்ளங்கை வேர்த்துடுச்சு. 2023 நவம்பரில் அதே வண்டிக்கு சர்வீஸ் வந்தது நான்தான். சாக்கெட் வரைக்கும் போகச் சோம்பல்பட்டு, ஒரு வீடியோவில் பார்த்த மாதிரி ஒயர்ல குண்டூசியைக் குத்தி வோல்டேஜ் பார்த்தது நான்தான். அடுத்த மாசமே மிக்ஜாம் புயல் மழை.

சொல்லாமலே இருந்திருக்கலாம். ‘எவனோ’வோட விஷயம் முடிஞ்சிருக்கும். பாய் கெட்ட பாகத்தை வெட்டி, புது ஒயர் சேர்த்து, ஸ்லீவ் போட்டு, திரும்ப முறுக்கிக் கட்டுற வரைக்கும் அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். வண்டி ஸ்டார்ட் ஆச்சு. ரெண்டு மணி நேரம் ஓட்டியும் எரர் வரலை. ஓனர்கிட்ட போய் சொல்லிட்டேன். ‘‘அந்தக் குண்டூசி என்னோடது சார். ஆபரேட்டர் மேல தப்பு இல்லை.’’

திட்டினார். எங்க ஆபீஸுக்கும் போன் போட்டார். எனக்கு மெமோ வந்துச்சு, ட்ரெய்னிங் மூணு மாசம் நீண்டுச்சு. ஆபரேட்டருக்கு சம்பளம் வந்துடுச்சு. மூணாவது நாள் வண்டியில் இருந்தார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். என்ன சொல்லப் போறாரோன்னு பயம். ‘‘அது கெடக்கட்டும் தம்பி. அந்த அறுபது எப்படிப் பாக்குறதுன்னு எனக்கும் சொல்லிக் குடு. நாளைக்கு வேற எவனாச்சும் பொட்டியைத் தூக்கிட்டு வந்தா, நானே காட்டணும்ல?’’ன்னார்.

மெயின் ஸ்விட்சை அவரே ஆஃப் பண்ணார். ரெண்டு தடவை சரியான்னு இழுத்துப் பார்த்தார். மீட்டரை வெச்சோம். 60.

இப்போ அவர் சீட்டுக்குப் பின்னாடி சொந்தமா ஒரு மீட்டர் வெச்சிருக்கார். என் பேக்கில் குண்டூசி இல்லை.