முதற் பணியாளன்

மின்சாரம் பாய்ந்ததும் பொறி தானாகவே இயங்கத் தொடங்குகிறது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். தானாக நடப்பது எதுவுமில்லை. சமுதாயத்திலும் சரி, பொறியிலும் சரி, ‘தானாக’ என்ற சொல் யாரோ ஒருவரின் உழைப்பை மறைக்கும் திரையேயாகும்.

அத்திரையை விலக்கிப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. மாணவர் சிலருடன் சேர்ந்து, மழையளவைப் பதிவுசெய்யும் சிறு கருவியொன்றை ஆக்க முற்பட்டோம். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை பலகை ஒன்று, மழைமானி ஒன்று, மின்கலத்தில் ஓடும் கடிகாரச் சில்லு ஒன்று: இவையே நமது மூலதனம். இயங்குதளத்தை ஆயத்தமாக எடுத்து இடாமல், பில்ட்ரூட் என்னும் கட்டற்ற கருவித்தொகுதியின் துணையுடன் மூலநிரலிலிருந்தே கட்டினோம்.

லினக்ஸின் கருநிரல் விழித்ததும் வன்பொருளை ஒழுங்குசெய்கிறது; கோப்புகள் உறையும் இடத்தைத் தன்னோடு இணைத்துக்கொள்கிறது. பின்னர் ஒரேயொரு செய்நிரலை அழைத்துப் பொறுப்பை ஒப்படைக்கிறது. அதன் பெயர் இனிட். செயல்முறை இலக்கம் 1 அதற்கே உரியது. நமக்காக இயங்கும் ஏனைய செயல்முறைகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே. பெற்ற செயல்முறை மடிந்து அநாதையாகும் செயல்முறைகளை ஏற்பதும், அவை முடிந்தபின் கணக்கைத் தீர்ப்பதும் அதன் கடமை. அந்த முதற் பணியாளன் மடிந்தால் கருநிரலும் செயலற்று நின்றுவிடும்.

இப்பணிக்கு யாரை அமர்த்துவது என்பதே முதல் வினா. பில்ட்ரூட்டில் நாமாக எதையும் மாற்றாதவிடத்து அமர்த்தப்படுவது பிஸிபொக்ஸின் இனிட். 1995 இல் புரூஸ் பெரென்ஸ் என்பவர், டெபியன் தொகுப்பை நிறுவுவதற்கு வேண்டியவற்றை ஒரே நெகிழ்தட்டில் அடக்குவதற்காக எழுதத் தொடங்கியதே பிஸிபொக்ஸ். வறுமை கற்பித்த சிக்கனம் அதன் ஒவ்வொரு வரியிலும் உண்டு. மறுபுறத்தில் நிற்பது 2010 இல் தோன்றிய சிஸ்டம்டீ. அது பணிகளை ஒரேவேளையில் எழுப்பும். எது எதனைச் சார்ந்தது என்பதை அறிந்து நடத்தும். டெபியன் அதனை ஏற்க 2014 இல் முடிவுசெய்தபோது கடும் விவாதம் எழுந்தது. உடன்படாதோர் பிரிந்து டெவுவான் என்ற தனித்தொகுப்பையே தொடங்கினர். பெரிய முறைமைகளுக்குச் சிஸ்டம்டீயின் பயன் பெரிது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், மழையை எண்ணும் சிறு கருவிக்கு, ஒரு மாணவன் ஒரே மாலையில் முழுவதும் வாசித்து விளங்கக்கூடிய ஒழுங்கே தகும் எனக் கொண்டோம்.

அவ்வொழுங்கு இனிட்டாப் என்னும் சிறு கோப்பில் அடங்கும். சிஸ்இனிட் என்ற குறிச்சொல் இடப்பட்ட வரிகள் முதலில், ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்றாக நிறைவேறும். ரீஸ்போன் என்ற குறிச்சொல்லுடைய வரிகள் அவற்றின் பின்னரே தொடங்கும். தொடக்க வரிகளுள் ஒன்று ஆர்சிஎஸ் என்னும் ஸ்கிரிப்டை அழைக்கும். அது எஸ் என்ற எழுத்தும் இரு இலக்கங்களும் முன்னே நிற்கும் ஸ்கிரிப்டுகளைப் பெயர் வரிசைப்படி ஒவ்வொன்றாக எழுப்பும். எஸ் 10 முந்தும். எஸ் 50 பிந்தும்.

இவ்வரிசை வெறும் சம்பிரதாயமன்று. நாம் எடுத்த பலகையிற் சொந்தக் கடிகாரம் இல்லை. சில்லிலுள்ள நேரத்தை வாசித்து ஊட்டும்வரை, அன்றைய நாள் 1970 ஜனவரி 1 என்றே அது கருதும். பதிவு செய்யும் நிரல் முந்திக்கொண்டால், நேற்றுப் பெய்த மழை அரை நூற்றாண்டுக்கு முன் பெய்ததாகிவிடும். ஆகவே நேரத்தை ஊட்டும் ஸ்கிரிப்டை எஸ் 10 என முன்னே நிறுத்தினோம்.

இதனினும் ஆழமான பாடம் ஒன்றுண்டு. பதிவு நிரலையும் அவ்வரிசையிலேயே எஸ் 60 என நிறுத்தலாமே என்று மாணவர் கேட்டனர். நிறுத்தலாம்; ஆனால் அந்த ஸ்கிரிப்ட் நிரலைத் தொடக்கிவிட்டு விலகிவிடும். நள்ளிரவில் நிரல் வீழ்ந்தால் அதனை எழுப்ப எவருமிலர். இனிட்டாப்பில் ரீஸ்போன் வரியாக எழுதினாலோ, வீழுந்தோறும் இனிட் அதனை மீண்டும் எழுப்பும். நிபந்தனை ஒன்றே: நிரல் தன்னைப் பின்னணிக்குள் மறைத்துக்கொள்ளாது முன்னணியில் நின்று உழைக்கவேண்டும். மறைந்துகொண்டால், அது இறந்துவிட்டதென்று கருதி இனிட் மீண்டும் மீண்டும் புதியதொன்றை எழுப்பிக்கொண்டேயிருக்கும். தொடக்கி வைப்பது வேறு. உடன் நின்று காப்பது வேறு. திறப்பு விழாவோடு கைவிடப்படும் திட்டங்களைக் கண்டு சலித்த நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. பதியப்படாத ஒரு நாளின் மழை மீண்டும் பெய்யாது.

பில்ட்ரூட் ஆக்கித்தரும் இலக்குக் கோப்புறையில் நேரே கைவைத்துத் திருத்துவதும் ஆகாது; முற்றாக மறுபடி கட்டும்போது அத்திருத்தம் அழிந்துபோம். மேலடுக்கு எனத் தனிக் கோப்புறை ஒன்றில் நமது இனிட்டாப்பை வைத்தால், கட்டுந்தோறும் அது சேர்க்கப்படும். பிறர் வாசிக்கவும் திருத்தவும் கூடியதாக நமது முடிவு எழுத்தில் நிற்பதற்கு இதுவே வழி.

இவற்றையெல்லாம் மாணவர் வாசிக்க முடிந்தமைக்குக் காரணம், இவை பொதுவுடைமையாக இருப்பதே. 1991 இல் வெளிவந்த குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, லினக்ஸையும் பிஸிபொக்ஸையும் காத்துநிற்கிறது. செய்நிரலை விநியோகிப்போர், மூலநிரலோடு அதனைக் கட்டவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளையும் கொடுக்கவேண்டும் என்பது அதன் விதி. இது வெற்றெழுத்தன்று. 2003 இல், லிங்சிஸ் நிறுவனத்தின் இணையத் திசைவி ஒன்றினுள் லினக்ஸ் இருப்பது வெளிப்பட்டது; மூலநிரலைத் தருமாறு எழுந்த கோரிக்கைக்கு நிறுவனம் இணங்கியது. அதனை அடியாகக்கொண்டு 2004 இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் முயற்சி பிறந்தது. கடையில் விலைக்கு வந்த பெட்டி, பலர் கூடிக் கற்கும் பள்ளியாயிற்று.

பெட்டியின் பொத்தானை அழுத்த மட்டும் கற்பிக்கும் கல்வி, நல்ல வாடிக்கையாளரையே உருவாக்கும். பெட்டியினுள் முதலில் எழுவது யார், அவனுக்கு அவ்வொழுங்கை வகுத்தது யார், அதனை மாற்றும் உரிமை யாருக்கு என்று கேட்கக் கற்பிக்கும் கல்வியே ஆக்குவோரை உருவாக்கும். இதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு சிறு பலகையும், இருபது வரிகள் கொண்ட ஒரு கோப்பும், அதனை மாணவரோடு சேர்ந்து வரிவரியாக வாசிக்கும் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் போதும்.