சாவி கைக்கு வரும்வரை

டோபி காட் எம்ஆர்டியிலிருந்து கொஞ்சம் நடந்தால் செலிகி ஹவுஸ். சாதாரணக் குடும்பங்களுக்காகச் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1963-இல் நகர மையத்திலேயே எழுப்பிய அடுக்குமாடி.

ஆனால் அப்படியொரு வீட்டுச் சாவி கைக்கு வருமுன் ஏற வேண்டிய படிகள் உண்டு. இன்று வீடிழந்த குடும்பம் முதலில் ஒதுங்குவது தங்குமிடத்திலோ இடைக்கால வாடகை வீட்டிலோ இருக்கலாம். இரு குடும்பங்களுக்கு ஒரே அடுப்படி, காலையில் குளியலறை வாசலில் பள்ளிச் சீருடையோடு வரிசை என்பதும் அங்கே உண்டு.

அடுத்தது வீவக வாடகை வீடு. மாத வருமானம் 800 வெள்ளிக்குள் இருந்தால், முதன்முறை விண்ணப்பிப்போருக்கு ஓரறை வீடு மாதம் 26 முதல் 33 வெள்ளி வாடகைக்குக் கிடைக்கும். ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு!

சொந்த வீடுதான் மலை. ஒருமுறை வீடு வாங்கி இழந்து, பிள்ளைகளோடு வாடகையில் இருப்பவர்களுக்காக 2016-இல் ‘ஃபிரெஷ் ஸ்டார்ட்’ திட்டம் வந்தது. 35,000 வெள்ளியில் தொடங்கிய மானியம் இப்போது 75,000. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறார்களா என்றும் பார்ப்பார்கள். வசதியானவர் வீடு வாங்கும்போது இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.