பூநாரை வரும்

ஸ்பானிஷ் பாடப்புத்தகம் ஒன்று படித்தேன். அதில் சாதாரண இறந்தகாலமே ரெண்டு விதம்! 'வினியேரோன்' என்றால் 'வந்தன', வந்தது, முடிஞ்சுது. 'வெனீயான்' என்றால் 'முன்னெல்லாம் வரும்'. அது பழைய வழக்கம்.

தமிழில் 'வரும்' என்ற ஒரே சொல் வழக்கத்தையும் சொல்லும், எதிர்காலத்தையும் சொல்லும். ஸ்பானிஷில் வழக்கத்துக்கு 'வியேனென்', எதிர்காலத்துக்கு 'வென்த்ரான்'.

படிக்கும்போது எனக்கு நம்ம பூநாரைதான் ஞாபகம் வந்தது. கோடியக்கரை 1967-ல் சரணாலயம் ஆனது. 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பனிக்காலத்தில் "பூநாரை வரும்"னு சொல்றோம். சதுப்பு நிலம் கெட்டால் "முன்னெல்லாம் வரும்"னு சொல்ல வேண்டியதாயிடும். அந்த 'முன்னெல்லாம்' சேராமல் பார்த்துக்கொள்வோம். சதுப்பில் பிளாஸ்டிக் போடாதீங்க!