கம்பியும் நிறமும்

மோட்டார் வண்டியில் வானொலியைப் பொருத்தி வைக்கும் வழக்கம் நேற்று இன்று உண்டானதன்று. 1930 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிற் கால்வின் என்பாரது தொழிற்சாலை வண்டிக்கென ஒரு வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்து, அதற்கு மோட்டரோலா எனப் பெயருமிட்டது. பின்னர் ஒலிநாடாவும், குறுந்தகடும், கைப்பேசியோடு கம்பியின்றி இணையுங் கருவிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவ்விடத்தைப் பற்றின. கருவி மாறினும், பழைய வண்டிகளின் உள்ளே ஓடுங் கம்பிகள் மாறுவதில்லை. அத்தகைய பழங்கம்பியிற் புதுக்கருவியைப் பூட்டப் புகுந்து யாம் பட்ட பாட்டையும், அதனாற் பெற்ற பாடத்தையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் தந்தையார் பள்ளியிற் பௌதிக ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். முதுமையிற் சிறுநீரகங்கள் தளர்ந்தமையால், வாரத்திற்கு இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், திருச்சிராப்பள்ளியிலுள்ள ஒரு மருத்துவமனைக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொள்ளல் வேண்டியதாயிற்று. எம்மூரினின்று 40 கிலோமீட்டர் தூரம். விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டால்தான் உரிய வேளைக்குப் படுக்கை கிடைக்கும். அவ்வழிப் பயணத்தில் அவருக்கிருந்த ஒரே இன்பம், 1939 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற திருச்சி வானொலி நிலையத்தின் காலை நிகழ்ச்சிகளைக் கேட்டலே. வண்டியோடு வந்த பழைய வானொலி ஒரு நாள் ஊமையாயிற்று. அவர் குறையொன்றுங் கூறினாரில்லை. சன்னலின் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதனைக் காணச் சகியாது, யாம் கடைக்குச் சென்று புதிய ஸ்டீரியோ ஒன்றை வாங்கி வந்தோம்.

கடைக்காரர், "ஐயா, உங்கள் வண்டிக்கேற்ற கப்ளர் இருக்கிறது, சில நூறு ரூபாய்தான். அதைப் போட்டால் ஒயரை வெட்ட வேண்டாம்," என்றார். கல்லூரியில் ஓம் விதியைக் கற்றுத் தேறிய எமக்குக் கப்ளர் எதற்கு என்று நகைத்து மறுத்தோம். செருக்கு முன்னே சென்றது; அறிவு பின்னே வருந்தி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினோம். புதிய கருவியின் பின்புறத்துக் கம்பிகளுக்கு நிறமுறை உண்டு. மஞ்சள், பாட்டரியினின்று எப்பொழுதும் மின்சாரம் பெறுவது. கடிகாரத்தையும் குறித்து வைத்த நிலையங்களையும் மறவாது காப்பது அதுவே. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெற்றுக் கருவியை எழுப்புவது. கறுப்பு, எர்த். ஸ்பீக்கர்களுக்கு வெள்ளை முன் இடப்பக்கம், சாம்பல் முன் வலப்பக்கம், பச்சை பின் இடப்பக்கம், ஊதா பின் வலப்பக்கம். ஒவ்வொன்றிலுங் கறுங்கோடு உள்ளது எதிர்முனை. வண்டியைச் செய்தவரோ இம்முறையைக் கைக்கொண்டாரல்லர். தமக்கென வேறு நிறங்களை வகுத்திருந்தனர். யாம் பழைய கப்ளரை வெட்டியெறிந்து, ஏறக்குறைய ஒத்த நிறங்களைக் கண்ணளவாற் சேர்த்து முறுக்கி, டேப்பைச் சுற்றினோம். சிவப்புக் கம்பிக்குரிய துணையைச் சோதனை விளக்கால் தேடினோம், அகப்படவில்லை. ஆகவே சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாய் முறுக்கி, எப்பொழுதும் மின்சாரம் உள்ள கம்பியிலேயே கட்டிவிட்டோம். கருவி பாடிற்று. யாமும் மகிழ்ந்தோம்.

செவ்வாயன்று தந்தையார் ஆவலோடு கேட்டார். சிறிது தூரஞ் சென்றபின், "தம்பி, குரல் கேட்கிறது; ஆளைக் காணோமே," என்றார். உண்மையே. பாடுவோர் எங்கிருந்து பாடுகின்றார் என்று தெரியாதபடி ஒலி வெறுமையாய் ஒலித்தது. மிருதங்கத்தின் தொப்பி ஒலி முற்றும் மறைந்திருந்தது. புதன் இரவு யாம் வண்டியில் அமர்ந்து கருவியின் குமிழ்களைத் திருகித் திருகி அதனைச் சீர்ப்படுத்த முயன்றோம். அயலார் உறக்கங் கெடாமைப்பொருட்டு ஒலியை முற்றுங் குறைத்தோம். பின்பு சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து சென்றோம். சாவியை எடுத்தால் கருவி நின்றுவிடும் என்னும் பழைய வழக்கத்தை நம்பினோம். அவ்வழக்கத்தை எம் கையாலேயே அழித்திருந்தமையை மறந்தோம்.

கருவி சுமார் 1 ஆம்பியர் வீதம் ஒன்றரை நாள் ஓசையின்றி உண்டுகொண்டேயிருந்தது. 35 ஆம்பியர் மணி கொள்ளும் அச்சிறு பாட்டரியோ முன்னரே முதுமையுற்றது. வெள்ளியன்று விடியலிற் சாவியைத் திருப்பினால் ஒரு சொடுக்கொலி கேட்டது, அவ்வளவே. தள்ளியும் பார்த்தோம், பயனில்லை. தந்தையார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தார். அடுத்த தெருவிற் காய்கறி ஏற்றும் அன்பர் ஒருவர், யாம் ஓடிச்சென்று அழைத்தவுடன் தம் குட்டியானை வண்டியைக் கொணர்ந்து அவரை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார். காலந்தாழ்த்துச் சென்றமையால், அன்று 4 மணி நேரத்துக்கு மாறாக 3 மணி நேரமே சுத்திகரிப்பு நடந்தது. அன்றிரவு அவர் மூச்சுத் திணறி, படுக்கவியலாது தலையணைகளிற் சாய்ந்தபடியே விடியுமட்டும் விழித்திருந்தார். அருகிருந்த எமக்கு வானொலி என்னும் சொல்லே நஞ்சாயிற்று.

காலையில் யாம் கருவியைக் கழற்றி எறியப் போகின்றோம் என்றோம். அவர் சினந்தாரல்லர். "கருவி என்ன செய்யும்? மின்சாரத்திற்கு நிறம் தெரியுமா, தம்பி? நீ அளந்து பார்த்தாயா?" என்று மட்டுமே வினவினார்.

அடுத்த ஞாயிறன்று, அவரை வேப்பமரத்தடியில் நாற்காலியில் அமர்த்தி, மல்டிமீட்டரோடு மீண்டுந் தொடங்கினோம். ஒவ்வொரு கம்பியிலும் ஒரு காகிதச் சீட்டைக் கட்டச் சொன்னார். சாவியின்றி ஒரு கம்பி 12 வோல்ட் காட்டிற்று, அது மஞ்சளுக்குரியது. சாவியை முதற்படிக்குத் திருப்பவே வேறொரு கம்பியிலும் 12 வோல்ட் தோன்றி, சாவியை எடுத்ததும் மறைந்தது. இதனைத்தான் யாம் முன்பு, சாவியைத் திருப்பாமலே தேடி, இல்லையென்று முடிவு செய்தோம்!

பின்னர் ஸ்பீக்கர் கம்பிகளைக் கருவியினின்று பிரித்து, கதவுகளின் உள்மூடியைக் கழற்றினோம். தந்தையார் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பின்மேல் ஒரு விரலை மெல்ல வைத்துக்கொண்டார். யாம் ஒரு 1.5 வோல்ட் மின்கலத்தின் முனைகளை நொடிப்பொழுது தொடுவித்தோம். நேர்முனை நேரிடத்திற் சேர்ந்தால் கூம்பு வெளியே தள்ளும். மாறிச் சேர்ந்தால் உள்ளே இழுக்கும். இடக்கதவில் "முன்னே" என்றார். வலக்கதவில் "பின்னே" என்றார். இரு கூம்புகளும் ஒன்றற்கொன்று முரணாய் அசைந்தமையால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்திருந்தன; ஆளைக் காணாமைக்குக் காரணம் அதுவே. பின் கதவுகள் இரண்டும் பிழையின்றியிருந்தன.

நோக்கம் முடிந்ததும் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைத்து, கம்பிகளை உரிய இணைகளோடு பற்றவைத்து, ஒவ்வொன்றையுந் தனித்தனியே உறையிட்டு மூடினோம். ஸ்பீக்கரின் எதிர்க்கம்பியை வண்டியின் இரும்புடலில் சேர்த்தல் ஆகாது. இக்காலக் கருவிகளில் அவ்விரு கம்பிகளுமே மின்னால் இயக்கப்படுவனவாதலின், உடலிற் பட்டால் கருவி கெடும். இதனையும் அன்று கவனித்துக் கொண்டோம். முடிவில் 10 ஆம்பியர் பியூஸைச் செருகி, சாவியைத் திருப்பினோம். பாட்டு எழுந்தது. தந்தையார் சற்றே செவிசாய்த்து, முன்கண்ணாடியின் நடுவைச் சுட்டி, "இதோ, ஆள் வந்துவிட்டார்," என்றார். திருச்சி நிலையத்தைத் தம் கையாலேயே முதற்பொத்தானிற் குறித்து வைத்தார்.

அதன்பின் ஓராண்டும் சில திங்களும் அவ்வழியே சென்று வந்தோம். இப்பொழுது அவர் இல்லை. வண்டி உளது. முதற்பொத்தானை அழுத்தினால் அவர் குறித்த நிலையமே பேசுகின்றது. பாட்டரியை மாற்றுங்கால் அக்குறிப்பு அழிந்துபோக, யாமே அதனை மீண்டும் அவ்விடத்திற் குறித்தோம்.

மாணவ நண்பர்காள்! நூலிற் கற்ற விதி பொய்ப்பதில்லை. அதனை அளந்து பாராத எம் அவசரமே பொய்த்தது. கண்ணுக்கு ஒத்ததென்று தோன்றுவதையெல்லாம் முறுக்கிக் கட்டாதீர்கள். இல்லையென்று முடிவு கூறுமுன், சாவியைத் திருப்பிப் பார்த்தோமா என ஒருமுறை உங்களை நீங்களே வினவிக்கொள்ளுங்கள். கடைக்காரர் கப்ளரை நீட்டினால் வணக்கத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.