திருமயிலைத் தெப்பக்குளமும் தெருக்களின் தீர்த்தமும்

கயிலைக்கு நிகரானது என்று அடியவர்கள் போற்றும் திருமயிலையில், கற்பகாம்பாள் உடனுறை கபாலீசுவரரைத் தரிசிக்க வருவோரில் பலர் கிழக்கு இராசகோபுரத்தின் வழியே உள்ளே சென்று, அதே வழியில் திரும்பிவிடுகின்றனர். சுவாமியோ மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். அவருடைய திருமுகத்துக்கு நேரே, மேற்கு வாயிலுக்கு வெளியே விரிந்து கிடப்பது தெப்பக்குளம். இறைவனின் பார்வை விழும் இடத்தில் நீர் இருக்க வேண்டும் என்று முன்னோர் கருதியிருக்க வேண்டும்.

சுமார் 190 மீட்டர் நீளமும் 143 மீட்டர் அகலமும் கொண்டது இக்குளம். நடுவில் பதினாறு கால் நீராழி மண்டபம் நிற்கிறது. தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாட்கள் இங்கே தெப்பத் திருவிழா நடைபெறும். இக்குளத்துக்கான நிலம் ஆர்க்காட்டு நவாபால் வழங்கப்பட்டது என்றும், அதன் நினைவாக மொகரம் நாளில் இசுலாமியப் பெருமக்கள் இக்குளத்தைப் பயன்படுத்தும் வழக்கம் இருந்து வருகிறது என்றும் கூறுவர். நீர் விஷயத்தில் ஊர் முழுவதும் ஒரு குடும்பம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பூம்பாவையை உயிர்ப்பிக்கத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் இத்தலத்தின் விழாக்களை வரிசையாகச் சொல்வது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு என்று அந்த வரிசை செல்லும். மழை பொழியும் ஐப்பசியில் தொடங்கும் அந்த வரிசை, மாசியில் கடல் நீராட்டைத் தொடுகிறது. வள்ளுவரும் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பையே வைத்தார். மழை பொய்த்தால் வானோர்க்கும் இவ்வுலகில் பூசையும் திருவிழாவும் நடைபெறா என்பது அவர் கருத்து. நீரின்றித் தெப்பம் நகராமல் நின்ற ஆண்டுகளைக் கண்ட அன்பர்கள் அதன் பொருளை நன்கு அறிவர்.

திருக்குளத்துக்கு இரண்டு பணிகள் உண்டு. தீர்த்தமாக விளங்குவது ஒன்று. சுற்றுப்புறக் கிணறுகளுக்கு ஊற்றுக்கண்ணாக இருப்பது மற்றொன்று. மாட வீதிகளின் பழைய வீடுகளில் முற்றத்திலோ கொல்லையிலோ ஒரு கிணறு இருக்கும். ராட்டினமும் தாம்புக்கயிறும் அதற்கு அணிகள். குளத்தில் நீர் நின்றால் கிணற்றில் ஊறும். குளம் வற்றினால் கயிற்றின் நீளத்தைக் கூட்ட வேண்டும். குளத்தையும் கிணற்றையும் இணைத்திருந்தது கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீர்.

காலம் மாறியது. ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. மண் தரையாக இருந்த வாசலும் கொல்லையும் சிமெண்டால் மூடப்பட்டன. மேலே விழுந்த மழை மண்ணைத் தொடாமலே தெருவுக்கு ஓடி, வடிகாலில் கலந்து, பக்கிங்காம் கால்வாயையும் கடலையும் அடைந்தது. மேலிருந்து வரவு நின்றுபோக, கீழே ஆழ்துளைக் கிணறுகளின் செலவு மட்டும் பெருகியது. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இதன் விளைவு கொடியது. நிலத்தடி நன்னீர் குறையும்போது அவ்விடத்தைக் கடல்நீர் பிடித்துக்கொள்ளும். நேற்றுவரை இனித்த கிணறு உப்புக் கரிக்கத் தொடங்கும். ஒருமுறை உவர்ப்பு ஏறிய நிலத்தைத் திருத்தப் பல மழைக்காலங்கள் வேண்டும்.

இந்த நிலையை மாற்ற எழுந்த முயற்சிகளில் ஒன்றைத் திருமயிலைக்கு அடுத்த மந்தைவெளியில் காணலாம். செல்லும் வழியில் ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்து, அவருடைய திருக்கோயிலைச் சேர்ந்த சித்திரக்குளத்தையும் கண்டு செல்வது நலம். பேயாழ்வார் அவதரித்த புண்ணிய பூமி அது. மந்தைவெளியில், ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் சார்பில் 2002-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது ‘ரெயின் சென்டர்’ என்னும் மழைநீர் மையம். ஆகாச கங்கை என்னும் பெயரே பொருத்தமானது. பகீரதன் தவத்தால் வானத்துக் கங்கை இறங்கினாள். அவளைத் தாங்கிக்கொள்ளச் சிவபெருமானின் சடை வேண்டியிருந்தது. இன்று வானிலிருந்து இறங்கும் நீரைத் தாங்கிக்கொள்ளவும் ஓர் ஏற்பாடு வேண்டும். அதைப் பொதுமக்களுக்கு மாதிரிகளைக் காட்டி விளக்குவதே இம்மையத்தின் பணி. இதன் பின்னணியில் உள்ள இயற்பியல் அறிஞர் சேகர் ராகவன், 1990-களின் நடுவிலேயே பெசன்ட் நகரில் வீடு வீடாகச் சென்று மழைநீரைச் சேமிக்கும்படி எடுத்துச் சொல்லி வந்தவர்.

மறு ஆண்டே, 2003-இல், தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. இந்திய மாநிலங்களுக்கு அது ஒரு முன்னோடி.

முறை எளியது. மொட்டை மாடியில் விழும் நீரைக் குழாய் வழியே இறக்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டும் தொட்டியில் விட்டு, அங்கிருந்து பழைய கிணற்றுக்குள் செலுத்துவது ஒரு வகை. கிணறு வற்றிவிட்டது என்று குப்பை கொட்டி மூடியவர்கள் ஒரு பொக்கிஷத்தை மூடியவர்களே. வற்றிய கிணறும் மழைநீரை ஏற்கும் வாயாக அமையும். கிணறு இல்லாத இடத்தில் சிமெண்டு உறைகளை இறக்கி ஓர் உறைகிணறு தோண்டலாம். வாசலில் வழிந்தோடும் நீரை, வெளிக்கதவை ஒட்டி ஒரு சிறு கால்வாய் வெட்டி, மேலே துளையிட்ட பலகைக்கல் பதித்து, அந்த உறைகிணற்றுக்குத் திருப்பலாம். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்றிவிட வேண்டும். கழிவுநீர் எக்காரணம் கொண்டும் இதில் கலக்கலாகாது. திருமயிலை போன்ற மணற்பாங்கான பூமி நீரை விரைவாக உறிஞ்சும். களிமண் நிலமாயின் சற்று ஆழம் வேண்டும்.

கணக்கும் எளியதே. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் ஓராண்டில் விழுவது சுமார் 1,30,000 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக ஒரு லட்சம் லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் எட்டு வந்து நின்றாற்போன்ற செல்வம் அது. ஒரே ஒரு மாடியில் விழுவது இவ்வளவு எனில், நான்கு மாட வீதிகளிலும் விழுவதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு இருந்தும் 2019-ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. அவ்வாண்டு ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது தொட்டிகளுடன் தண்ணீர் ரயில் சென்னைக்கு வந்தது. ஒருமுறைக்கு 25 லட்சம் லிட்டர். முதியோர்கள் குடங்களுடன் வரிசையில் நின்ற காட்சியை நகரம் எளிதில் மறவாது. அமைப்பு இருந்தும் பயன் இல்லாமற்போன வீடுகள் அன்று பல. குழாய் வாயில் சருகு அடைத்திருந்தது. வடிகட்டும் மணல் சேறாகி இறுகியிருந்தது. சில இடங்களில் குழாய் குழியைத் தொடாமல் தெருவிலேயே முடிந்திருந்தது. சன்னிதி கட்டி முடிப்பதோடு கைங்கரியம் நிறைவடைவதில்லை. நித்திய பூசை தேவை. மழைநீர் அமைப்புக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது அத்தகைய பணிவிடை வேண்டும்.

இங்கே கருதத்தக்க உண்மை ஒன்று உண்டு. ஒரு வீட்டார் மண்ணுக்குள் இறக்கும் நீர் அந்த வீட்டு மதிலோடு நிற்பதில்லை. அது பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் ஊறும். எதிர் வீட்டாருக்கும் உதவும். திருக்குளத்தின் நீரும் விரைவில் கீழே இறங்கிவிடாமல் தாங்கும். தனியொருவர் சேமித்து, சுற்றியுள்ள அனைவரும் இறைத்தால் பயன் சிறிது. தெரு முழுவதும் சேமித்தால் ஊர் முழுவதும் ஊறும். எனவே இது தனிச் சேமிப்பு அன்று. ஊர்ப் பொது நிதி. யார் உண்பார் என்று கேளாமல் இலை போடும் அன்னதானத்தைப் போன்றது. குளம் வெட்டுதலைப் பேரறமாக நம் முன்னோர் எண்ணினர். இன்று குளம் வெட்ட நிலம் ஏது? அந்த அறத்தை வீட்டுக்கு வீடு ஒரு குழியில் செய்யும் வாய்ப்பு இந்தத் தலைமுறைக்குக் கிட்டியுள்ளது.

இதில் மூத்தோருக்குத் தனிப் பங்கு உண்டு. எந்த வீட்டில் கிணறு இருந்தது, எந்தத் தெருவில் நீர் எப்பக்கம் ஓடியது, குளத்துக்கு வாய்க்கால் எங்கே வந்தது என்பன அவர்கள் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவை அவர்களோடு மறைந்துவிடலாகாது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வீடு கழுவித் தளிகை போடும் வழக்கம் உள்ள குடும்பங்கள், அந்நாட்களில் ஒன்றை மாடியைப் பெருக்கவும், குழாயின் அடைப்பை நீக்கவும், வடிகட்டும் மணலை அலசவும் ஒதுக்கலாம். மூத்தோர் மேற்பார்வை பார்க்க, பேரப்பிள்ளைகள் கைகொடுக்கலாம். சென்னையின் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசியும் கார்த்திகையும் கொண்டுவருவது. அதற்குள் வாசல் திறந்திருக்க வேண்டும்.

சென்னைக் கடற்கரையிலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் திருக்கோயில் நடை தூரமே. அங்கு செல்லும் அன்பர்கள், சுவாமி தரிசனம் முடித்தபின் மேற்கு வாயிலுக்கு வந்து, குளத்துப் படிகளின் அருகே சற்று நிற்கலாம். நீர் எந்தப் படி வரை நிற்கிறது என்று பார்த்தால் போதும். அந்த ஆண்டு சுற்றியுள்ள தெருக்கள் எவ்வளவு மழையை மண்ணுக்குக் கொடுத்தன என்பதும் ஓரளவு புலப்படும்.