மாலை இல்லாத நாள்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஃப்ரீ டிரேட் ஸோன் 1972-இல் தொடங்கியது. சில ஆண்டுகள் கழித்து, பள்ளிப் படிப்பை முடித்த கையோடு நானும் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சில்லோடு இணைக்கும் வேலை. உள்ளே ஜன்னல் கிடையாது. இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் ஏற வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தும். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்குச் சம்பளம் கூடுதல். “ஆண்டவர் நாளில் வேலைக்குப் போனால் உருப்படாது” என்பார் அம்மா. சம்பளக் கவரை எண்ணும்போது மட்டும் அது அவர் ஞாபகத்துக்கு வராது.

மறைக்கல்வி வகுப்பில் படைப்பைப் பற்றிப் படித்ததெல்லாம் எனக்குப் பழங்கதை. கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார், கடைசியில் வந்த மனிதனே சிகரம், அவ்வளவுதான். பினாங்கு ரோட்டில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் கோயிலில் ஒரு தவக்காலத் தியானம். “சிகரம் ஆறாம் நாள் இல்லை, ஏழாம் நாள்” என்றார் தியானம் கொடுத்த சாமியார். தொடக்க நூல் ஆறு நாளுக்கும் மாலையும் காலையும் சொல்கிறது. ஏழாம் நாளுக்கு மாலையே சொல்லவில்லை, அந்த ஓய்வு முடியவே இல்லை என்றார். வீட்டுக்கு வந்து பைபிளைப் புரட்டினேன். உண்மைதான்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை விடவில்லை. புனித தோமா அக்குவினாஸின் கணக்கில் படைப்பு என்பது என்றோ நடந்து முடிந்த காரியம் இல்லை. சூரியன் போனால் காற்றில் வெளிச்சம் தங்காது. அப்படித்தான் கடவுள் ஒரு நொடி கைவிட்டாலும் எதுவும் மிஞ்சாது. 13-ஆம் நூற்றாண்டுத் துறவியின் இந்தப் பேச்சு லைனில் உட்கார்ந்திருந்தவளுக்கு நேராக வந்து தைத்தது. நான் ஒருநாள் போகாவிட்டால் எல்லாமே கவிழ்ந்துவிடும் என்ற பயம் எனக்குள் அப்படி ஊறிக் கிடந்தது. தாங்குகிறவர் வேறொருவர் என்றால் நான் கையை எடுக்கலாமே!

விடுதலைப் பயண நூல் ஓய்வுநாளுக்குப் படைப்பையே காரணம் காட்டுகிறது. அந்த ஓய்வு வேலைக்காரிக்கும் அந்நியருக்கும் கால்நடைக்கும் சேர்த்துத்தான். லேவியர் நூல் நிலத்துக்கும் ஏழாம் ஆண்டு ஓய்வு கேட்கிறது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலும் மண்ணின் களைப்பையும் ஏழையின் களைப்பையும் பிரித்துப் பார்க்கவில்லை.

இன்று ஸோனில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் இருக்கிறார்கள். 2023-இல் மலேசியச் சட்டம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்தது, நல்ல விஷயம். ஆனால் ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கி வந்தவன் ஓ.டி. இல்லாத கம்பெனியைத் தேடிப் போவானா? அடிப்படைச் சம்பளத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாதவனிடம் ஓய்வுநாளைப் பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வராது. முதலாளிகளிடம்தான் அந்தப் பிரசங்கத்தை வைக்க வேண்டும். கோயிலில் அவர்களும் முன் வரிசையில்தான் உட்கார்கிறார்கள்.

என் மகனும் இப்போது அதே பாயான் லெப்பாஸில் இன்ஜினியர். ஞாயிறு திருப்பலி நடுவிலும் அவன் போனில் வாட்ஸ்அப் செய்தி வந்து விழும். போன வாரம் சொல்லிப் பார்த்தேன். “நீங்க ஞாயித்துக்கிழமை ஓ.டி. செஞ்சுதானேம்மா இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டுனீங்க?” என்றான். அவன் சொன்னது சரிதான். போனை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சோறு போட்டேன்.