சுடுவது பொழுதுபோக்கு, எடுப்பது சாதியா?

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரிய வீடுகளுக்குக் குறைவில்லை. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள். பல வீடுகள் ஆண்டில் பத்து மாதம் பூட்டியே கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு, திருவிழா என்றால் வந்து போவார்கள். பூட்டிய வீட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவை எலியும் பெருச்சாளியும்தான். பின்கட்டில் குவிந்த தேங்காய் மட்டை, விறகு, பழைய சாக்கு, மூடாத சாக்கடை எல்லாம் அவற்றுக்கு வசதி.

அந்த எலிகளை ஏர் கன் வைத்துச் சுடுவது சில வீடுகளில் இப்போது விடுமுறைப் பொழுதுபோக்கு. 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத் துளைக்குள், 20 ஜூலுக்கு மிகாத விசையுள்ள ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. இரவில் டார்ச் அடித்துச் சுடுவார்கள், காலையில் முற்றத்தில் வரிசையாகப் போட்டுப் படம் எடுப்பார்கள். எலியைக் கொல்வதில் எங்களுக்கு வருத்தம் ஏதுமில்லை. எங்கள் தெருவிலும் எலி உண்டு, எங்கள் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வருகிறது. எங்கள் கேள்வி படம் எடுத்த பிறகு தொடங்குகிறது. செத்த எலியை யார் எடுப்பது?

அதை எடுக்க எங்களைக் கூப்பிடுகிறார்கள். கூட்ட வரும் பெண், சாக்கடை அள்ள வரும் அண்ணன், குப்பை வண்டியோடு வரும் ஒப்பந்தத் தொழிலாளி. கூப்பிடுகிறவர்களுக்கு எங்கள் பெயர் தெரியாது, தெரு தெரியும். சுட்ட பையன் அதே முற்றத்தில்தான் நிற்கிறான். துப்பாக்கி பிடித்த கையால் எலியின் வாலைப் பிடித்தால் தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்று அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் உறவில் ஓர் அத்தை அப்படியொரு வீட்டில் வாசல் கூட்டி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு காலையில் ஒன்பது எலிகளைக் காட்டி, "அதையும் அள்ளிக் கொட்டிட்டுப் போ" என்றார்கள். அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "சுட்டது தம்பிதானே ஆச்சி, தம்பியே எடுத்துப் போடட்டும்." மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தது.

சட்டம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 3(1)(ஐ) பிரிவைத் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மனிதப் பிணத்தையோ விலங்கின் சடலத்தையோ அப்புறப்படுத்தவோ சுமக்கவோ வைப்பதும், சவக்குழி தோண்ட வைப்பதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. செத்த மாடு என்றால் மட்டும்தான் குற்றம், எலி என்றால் இல்லை என்று அந்தப் பிரிவு அளவு பார்க்கவில்லை. கூலி கொடுத்தால் குற்றமில்லை என்றும் அதில் எழுதவில்லை.

வழக்குப் போடலாம் என்று அத்தையிடம் சொன்னோம். அவர் வேண்டாம் என்றார். அதே தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் எங்கள் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். வழக்கு என்றால் அந்த நான்கு வீட்டுக் கதவும் சாத்தப்படும் என்பது அவர் கணக்கு. இந்தக் கணக்கைக் கோழைத்தனம் என்று சொல்லும் உரிமை சம்பளம் வாங்கும் நமக்கு இல்லை. நாங்கள் பத்துப் பேர் போய்ப் பாக்கிச் சம்பளத்தை வாங்கினோம். பிறகு அந்த நான்கு பெண்களும் கூடிப் பேசி, செத்த எதையும் தொடுவதில்லை என்று அவரவர் வீட்டில் ஒரே நாளில் சொன்னார்கள். ஒருவரைத் துரத்தலாம், நான்கு பேரை ஒரே நாளில் துரத்தினால் தெரு நாறும். துரத்தவில்லை.

இது புதிய போராட்டம் இல்லை. 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடச் சொன்னார் அம்பேத்கர். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா அருகே செத்த பசுவின் தோலை உரித்த தலித்துகளை அடித்து ஊர்வலம் விட்டார்கள். அதற்குப் பதிலாக சுரேந்திரநகரில் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தின் முன் போட்டார்கள். உங்கள் புனிதத்தை நீங்களே தூக்குங்கள் என்பதுதான் அதன் பொருள். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஊனாவில் கூடியவர்கள் இனிச் சடலம் எடுப்பதில்லை என்று உறுதி எடுத்தார்கள், பிழைக்க ஐந்து ஏக்கர் நிலம் கேட்டார்கள். மறுப்பையும் மாற்று வாழ்வாதாரத்தையும் ஒரே மூச்சில் கேட்டதுதான் அந்தப் போராட்டத்தின் அறிவு.

யார் எதைக் கையில் பிடிக்கலாம் என்பதை இந்த மண்ணிலும் சாதிதான் முடிவு செய்தது. சிவகங்கை அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் வந்தது. குடை கூடாத கைக்குத் துப்பாக்கி எங்கே? அந்தக் கைக்கு விளக்குமாறும் சடலமும் மட்டும் மிச்சம் வைத்தார்கள்.

துப்பாக்கியும் கையைப் பார்த்துத்தான் பொருள் மாறுகிறது. நாட்டுத் துப்பாக்கியோடு காடு மேடு திரிந்து பிழைத்த நரிக்குறவர்களின் வேட்டையை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியது. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரிய வீட்டுப் பையன் தோளில் தொங்கும் ஏர் கன்னை யாரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை. நரிக்குறவர் தோளில் தொங்கினால் முதல் சோதனைச் சாவடியிலேயே விசாரணை. 'ஜெய் பீம்' படத்தில் வயலில் எலி பிடிப்பவன்தான், பெரிய வீட்டில் பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டு, பிறகு அதே வீட்டின் திருட்டுப் பழியைச் சுமக்கிறான். வேலைக்குத் திறந்த கதவு பழி சுமத்தவும் திறக்கும்.

எலி பிடிப்பதையே தொழிலாகச் செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் பாருங்கள். வளைக்குள் புகை போட மண்பானையில் வாய் வைத்து ஊதிய இருளர்களுக்குக் கை, வாய் வெந்தது, நெஞ்சு கெட்டது. பீகாரில் முசஹர் என்ற சாதிப் பெயரிலேயே எலி இருக்கிறது. மும்பை மாநகராட்சியின் எலி கொல்லும் தொழிலாளர்கள் இரவில் தடியோடு அலைந்து ஆளுக்கு முப்பது எலி கணக்குக் காட்ட வேண்டும். அங்கே அது கூலி வேலை. இங்கே முற்றத்தில் சுடுவது விளையாட்டு. எடுப்பது மட்டும் பிறப்பு.

சுட்டால் எலி ஒழியுமா என்றால், அதுவும் இல்லை. எலியின் கர்ப்பம் மூன்று வாரம்தான், ஓர் ஈற்றில் ஆறு முதல் பத்துக் குட்டி வரை போடும். வெளியே வந்த ஒன்றைச் சுடும்போது வளைக்குள் பத்து வளர்கிறது. சரியாகப் படாத எலி உள்ளே ஓடிச் சுவரிடுக்கில் செத்து நாறும். ஈயக் குண்டு பட்ட எலியைத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் அந்த ஈயம் போகும். குண்டு கல்லில் பட்டுத் திரும்பினால் மனிதக் கண்ணும் போகும். விஷமும் வழியல்ல. 2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

வழி எளிது, ஆனால் வீட்டுக்காரர்கள் குனிய வேண்டும். மட்டைக் குவியலை அகற்ற வேண்டும். வளையைக் கண்ணாடிச் சில்லு கலந்த சிமெண்டால் அடைக்க வேண்டும். கதவடியில் தகரம் அடிக்க வேண்டும், சாக்கடைக்கு மூடி போட வேண்டும், எச்சிலை இரவில் வெளியே கொட்டாமல் இருக்க வேண்டும். கூண்டுப் பொறி வைக்கலாம். அபசகுனம் என்று கூகையை விரட்டாமல் விட்டாலே பாதி வேலையை அது பார்த்துவிடும். இதன் பிறகும் செத்த எலி கிடந்தால் மண்வெட்டியால் எடுத்துத் தோட்டத்தில் ஆழக் குழி தோண்டிப் புதைக்கலாம். அதற்குச் சாதிச் சான்றிதழ் தேவையில்லை.

மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள் இருக்கின்றன. உங்கள் தெருவில் யார் யார் எந்த வீட்டில் செத்ததை அள்ளுகிறார்கள் என்று முதலில் கேட்டு எழுதுங்கள். வேலையை இழந்தால் எத்தனை நாள் தாங்குவார்கள் என்பதையும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள். புகார் கொடுக்க அவர்களே முடிவு செய்தால், விசாரணை அதிகாரி டிஎஸ்பி தகுதிக்குக் குறைந்தவராக இருக்கக் கூடாது என்பதையும், 14566 என்ற தேசிய உதவி எண்ணையும் மனதில் வையுங்கள்.

மாநகராட்சியாகிவிட்ட காரைக்குடியில் தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறை, பூட்ஸ், நீண்ட இடுக்கி கிடைக்கிறதா என்று கேளுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் கால் வெடிப்பில் பட்டாலே எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சலோடு கண் சிவந்து கெண்டைக்கால் வலித்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள், எலி அள்ளும் வேலை என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படும்.

அத்தை இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார். அந்த வீட்டுக்கு எங்கள் தெருவிலிருந்து இன்றுவரை யாரும் போகவில்லை. எலியைத் தம்பிதான் எடுக்கிறாராம், துணி மாட்டிய குச்சியால்.